முந்தைய மாலையே சுட்டு வைக்கும் காலை உணவு: பழமும் பாலாடைக்கட்டியும்

ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் வீடுகளில் காலைச் சாப்பாட்டுக்கென்று சுட்டு வைத்துக்கொள்ளும் பண்டம் ஒன்று உண்டு. பெயர் ஸபிகான்கா. த்வோரக் என்னும் புளிப்புப் பாலாடைக்கட்டி, முட்டை, சர்க்கரை, கொஞ்சம் ரவை, ஒரு பிடி உலர்திராட்சை. சேர்மானம் இவ்வளவுதான். சோவியத் காலத்துப் பாலர் பள்ளிகளில் பெரிய தட்டுகளில் இதைச் சுட்டு, சதுரத் துண்டுகளாக வெட்டி, மேலே ஜாமோ, மாவு சேர்த்துக் கெட்டியாக்கிய பழச்சாறோ ஊற்றிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். ஜெர்மானியர்கள் குவார்க் என்ற தங்கள் பாலாடைக்கட்டியில் ரவையும் செர்ரியும் ஆப்பிளும் சேர்த்து ஏறக்குறைய இதையே செய்கிறார்கள். நம் நாட்டிலும் ஒடிசாவில் சேனாபோடா இருக்கிறது. புதிதாகத் திரித்த சேனாவை ரவை, சர்க்கரை, ஏலக்காயுடன் பிசைந்து, சால் இலையில் பொதிந்து, தணலில் மணிக்கணக்கில் வேகவிடும் இனிப்பு அது.

இந்த அத்தியாயத்துக்கு அடிப்படையாக ஸபிகான்காவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அதற்கு வேண்டியதில் பாதி நம் அடுப்படியிலேயே இருக்கிறது. தயிர் தினமும் உறைகிறது, ரவை டப்பாவில் இருக்கிறது, வாழைப்பழம் தாரில் தொங்குகிறது. இன்னொன்று, இது ஆறிய பிறகே பதப்படும் பண்டம். ஓவனிலிருந்து எடுத்த சூட்டில் வெட்டினால் சரிந்துவிடும். ஓரிரவு ஃப்ரிட்ஜில் இருந்தால் கத்தி வைத்த இடத்தில் சுத்தமாக அறுபடும். இட்லியும் தோசையும் சுடச்சுட இருக்கவேண்டிய சாப்பாடு. இதற்கு அந்த அவசரம் கிடையாது. பள்ளி வேனும் அலுவலகப் பேருந்தும் விரட்டும் வீட்டுக்கு இது பெரிய உதவி.

இது கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றே: தண்ணீர். பாலாடைக்கட்டியில் தங்கிவிட்ட தண்ணீர், இல்லையென்றால் பழம் விடுகிற தண்ணீர். சுட்ட அன்றே சாப்பிட்டால் இது அவ்வளவாகத் தெரியாது. மறுநாள் காலையில் டப்பாவைத் திறக்கும்போதுதான் அடியில் நீர் கட்டி, துண்டு சொதசொதவென்று கிடக்கும். ஆகவே கலப்பதையும் சுடுவதையும்விட, வடிப்பதையும் வற்றவைப்பதையும் பற்றித்தான் இங்கே கூடுதலாகச் சொல்லப்போகிறேன்.

தயிரிலிருந்து பாலாடைக்கட்டி

கடைகளில் காட்டேஜ் சீஸ் என்று டப்பாவில் விற்பது சிறு சிறு பருக்கைகளாக, கொஞ்சம் கிரீமும் உப்பும் கலந்து வருகிறது. அதை அப்படியே சேர்க்காதீர்கள். மெல்லிய துணி விரித்த வடிகட்டியில் போட்டு ஒரு மணி நேரமாவது வடியவிட்டு, பிறகு மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உப்பு இருப்பதால் மேற்கொண்டு உப்பு வேண்டாம். லண்டன், டொராண்டோ போன்ற ஊர்களில் இருப்பவர்கள் போலந்துக் கடைகளில் த்வாரூக் என்று கேட்டு வாங்கினால் பாதி வேலை முடிந்தது. ஜெர்மனியில் குவார்க் எல்லாக் கடையிலும் கிடைக்கும். அது குழைவாக இருக்கும் என்பதால் ரவையை ஒரு கரண்டி கூட்ட வேண்டும்.

நம் ஊரில் கையெட்டும் தூரத்தில் இருப்பது பன்னீர். கொதித்த பாலில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுத் திரித்து, பாரம் வைத்து அழுத்திய கட்டி அது. புளிப்பும் இல்லை, ஈரமும் போதாது. சுட்டால் மேலும் வறண்டு, பல்லில் நறநறக்கும். வேறு வழியில்லாத நாளில் 300 கிராம் பன்னீரைத் துருவி, 200 கிராம் கெட்டித் தயிர் சேர்த்து நைசாக அரைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். சமாளிப்பு என்ற அளவில் அது சரி. இந்தப் பண்டத்தின் உயிரே அந்த இளம் புளிப்புத்தான், அது தயிரிலிருந்து மட்டுமே வரும்.

2 லிட்டர் பால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் போன்ற 6 சதவீதக் கொழுப்புள்ள பால் இருந்தால் நல்லது. வழக்கம்போலக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் உறை ஊற்றுங்கள். உறைந்த தயிரைக் கரண்டியால் கலக்காமல், கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் தயிர்ப் பாத்திரத்தை இறக்கி, சிறுதீயில் சூடேற்றுங்கள்.

முதல் கால் மணி நேரம் ஒன்றும் நடக்காததாகத் தோன்றும். பிறகு தயிர் பாத்திரத்தின் ஓரத்தை விட்டு மெல்ல விலகும். அந்த இடுக்கில் மஞ்சளும் பச்சையும் கலந்த தெளிந்த நீர் ஊறும். கீறிய கோடுகள் அகலமாகும். கரண்டியின் முதுகால் ஒரு துண்டை லேசாக அழுத்தினால் கரையாமல் எதிர்த்து நிற்கும். விரலை வைத்தால் சூடு தாங்கும், ஆனால் வைத்துக்கொண்டே இருக்க முடியாது. வெப்பமானி இருந்தால் 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் காட்டும். அந்த இடத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள். கொதிக்கவிட்டால் பருக்கைகள் இறுகி, எத்தனை அரைத்தாலும் மணல் மணலாகவே நிற்கும். அந்தச் சூட்டிலேயே ஆறவிட்டு, ஈரத்துணியில் ஊற்றி, மூட்டை கட்டி, கீழே பாத்திரம் வைத்துத் தொங்கவிடுங்கள்.

நம் தயிர் வடிய நேரம் பிடிக்கும். நாம் பாலை நன்றாகக் காய்ச்சி உறை ஊற்றுவதால், சாதாரணமாக வடிநீரோடு போய்விடும் புரதத்தில் ஒரு பகுதி கேசீன் என்னும் முதன்மைப் பால்புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புரதம் நீரைப் பிடித்து வைக்கும். கட்டி மிருதுவாகவும் சற்றுக் கூடுதலாகவும் கிடைப்பது இதனால்தான். வடிய மூன்று, நான்கு மணி நேரம் ஆவதும் இதனால்தான். வெயில் காலத்தில் மூட்டையை வெளியே தொங்கவிட்டால் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். ஆழமான பாத்திரத்தின் மேல் வடிகட்டி வைத்து, அதில் மூட்டையை உட்காரவைத்து, ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள்.

எப்போது போதும்? ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவே நசுக்குங்கள். விரலில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டு விழக்கூடாது. அந்தப் பதத்தில் 2 லிட்டருக்கு ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரை கிடைக்கும். வடிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். சப்பாத்தி மாவு பிசைய அதைவிட நல்லது இல்லை.

பழத்தைப் பக்குவப்படுத்துதல்

பழத்தை நறுக்கி மாவில் கொட்டிக் கிளறிச் சுட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆப்பிளில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் நீர்தான். அது சூட்டில் வெளியேறி, ஒவ்வொரு துண்டையும் சுற்றி ஈரக்குழி உண்டாக்கும். எனவே சாறுள்ள பழங்களை முதலில் வாணலியில் வற்றவைக்க வேண்டும்.

இரண்டு ஆப்பிளைத் தோல் சீவி, சுண்டுவிரல் தடிமனில் நறுக்குங்கள். புளிப்புள்ள ஆப்பிளாக இருந்தால் சிறப்பு. ரஷ்யர்கள் அந்தோனவ்கா என்ற புளிப்பு ஆப்பிளை இதற்கெல்லாம் விரும்புவார்கள். நம் சந்தையில் கிடைக்கும் பச்சை ஆப்பிள் அந்த வேலையைச் செய்யும். அகலமான வாணலியில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், அதில் ஆப்பிள், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, துளி பட்டைத்தூள். நடுத்தர தீயில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் சாறு விட்டுச் சளசளவென்று கொதிக்கும். மூடிவிடாதீர்கள், ஆவி போக வேண்டும். சாறு சுண்டச்சுண்ட அந்தச் சளசளப்பு குறைந்து, சுர்ரென்ற வறுபடும் ஓசையாக மாறும். துண்டுகளின் விளிம்பு கண்ணாடிபோல ஒளி ஊடுருவத் தொடங்கும், கரண்டியை இழுத்தால் பின்னால் சாறு ஓடி வராது. அதுதான் பதம். தட்டில் பரப்பி முழுக்க ஆறவிட்டுத்தான் மாவில் சேர்க்க வேண்டும். சூடாகச் சேர்த்தால் முட்டை திரியும்.

பேரிக்காய்க்கும் இதே வழி. ஊட்டி, கொடைக்கானல் பக்கத்துப் பேரி கெட்டியாக இருப்பதால் இன்னும் நான்கைந்து நிமிடம் கேட்கும். மலையிலிருந்து பிளம்ஸ் வரும் நாட்களில் அதைத் தவறவிடாதீர்கள். கொட்டை நீக்கி இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கம் மேலே பார்க்கும்படி மாவின் மேல் பதித்துச் சுட்டால், அதன் நீர் மேலேயே ஆவியாகிவிடும். அந்தப் புளிப்பும் பாலின் இனிப்பும் சேரும் சேர்க்கைக்காகவே நான் வருடம் முழுவதும் காத்திருப்பேன்.

வாழைப்பழத்தை வற்றவைக்க வேண்டியதில்லை. நேந்திரம் தான் இதற்கு ஏற்றது. தோலில் கருப்புப் புள்ளி விழுந்த பதத்தில், வில்லைகளாக நறுக்கிச் சேர்க்கலாம். பூவன் குழைந்துபோகும். பலாச்சுளை நன்றாகவே சேரும். பரங்கிக்காயைத் துருவி வெண்ணெயில் வதக்கிச் சேர்ப்பது ஸ்லாவ் வீடுகளில் பழைய வழக்கம், நிறமும் இனிப்பும் கொடுக்கும். உலர்திராட்சை, உலர்ந்த ஆப்ரிகாட் இரண்டையும் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பிழிந்து, துணியில் ஒற்றிச் சேருங்கள். ஊறாத உலர்பழம் மாவின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தன்னைச் சுற்றி வறட்டிவிடும்.

அன்னாசி, பப்பாளி, கிவி ஆகியவற்றில் எச்சரிக்கை தேவை. இவற்றில் புரதத்தை அறுக்கும் நொதிகள் இருக்கின்றன. பச்சையாகப் பாலாடைக்கட்டியோடு கலந்து வைத்தால் கசப்பும் நீரும் வரும். அன்னாசியை நன்றாகக் கொதிக்கவிட்டு வற்றவைத்தால் நொதி செயலிழந்துவிடும், பிறகு பயமில்லை. மற்ற இரண்டையும் இந்தப் பண்டத்தில் சேர்க்காமல் இருப்பதே மேல். மாம்பழத்தை ஓவனுக்குள் அனுப்புவது அதன் மணத்தை வீணாக்குவது. காலையில் துண்டின் மேல் பச்சையாக வைத்துச் சாப்பிடுங்கள்.

கலப்பதும் சுடுவதும்

500 கிராம் பாலாடைக்கட்டிக்கு 2 முட்டை, 50 கிராம் சர்க்கரை, 3 மேசைக்கரண்டி வறுக்காத சிரோட்டி ரவை, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வனிலா அல்லது ஏலப்பொடி. பாலாடைக்கட்டியை மட்டும் முதலில் மிக்ஸியிலோ, வடிகட்டியில் தேய்த்தோ நைசாக்குங்கள். முட்டையும் சர்க்கரையும் தனியாக நுரை வர அடித்து அதில் சேர்த்து, கடைசியில் ரவை. மாவு இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக, கரண்டியிலிருந்து மெதுவாக விழ வேண்டும். மிகவும் இறுகலாக இருந்தால் இரண்டு, மூன்று கரண்டி தயிர் விடுங்கள். இப்போது இருபது நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். இந்த இருபது நிமிடத்தை யாரும் குறைக்கக்கூடாது. ரவை ஊறி, மிச்சமிருக்கும் ஈரத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்வது அப்போதுதான். ஊறாத ரவை வாயில் தனியாகக் கடிபடும். மாவின் ஈரமும் அடியில் போய்த் தங்கும்.

அதற்குள் ஓவனை 180 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளலாம். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும், தட்டு நடு அடுக்கில் இருக்கட்டும். கன்வெக்ஷன் மைக்ரோவேவ் என்றால் 170 போதும். 7 அல்லது 8 அங்குலத் தட்டில் வெண்ணெய் தடவி, மேலே ரவை தூவி, தட்டைச் சுழற்றித் தட்டி, ஒட்டாத ரவையைக் கொட்டிவிடுங்கள். அடியில் மெல்லிய பொன்னிறத் தோல் பிடிக்கவும் துண்டு ஒட்டாமல் வரவும் இந்த ரவைத் தூவல் உதவும். மாவில் பாதியை ஊற்றி, ஆறிய பழத்தைப் பரப்பி, மீதி மாவால் மூடிச் சமப்படுத்துங்கள். பழத்தை அடியில் வைத்தால் ஒட்டும், மேலே வைத்தால் கருகும். பிளம்ஸ் மட்டும் விதிவிலக்கு.

35 முதல் 40 நிமிடம். ஓரம் உப்பி, பொன்னிறமாகி, தட்டை விட்டு விலகியிருக்க வேண்டும்; தட்டை அசைத்தால் நடுப்பகுதி மட்டும் லேசாக ஆட வேண்டும். முட்டை சேர்ந்த பண்டம் என்பதால் நடுவில் 71 டிகிரியாவது எட்டியிருப்பது அவசியம். நடு முழுக்க இறுகும்வரை விட்டால் அது வெளியே வந்து வறண்டுவிடும், உள்சூட்டிலேயே மீதி வெந்துகொள்ளும். மேல்பகுதி சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் நடுப்பகுதி அமுங்கும். அதன் இயல்பே அது, கவலைப்பட வேண்டாம்.

முட்டை சேர்க்காதவர்களுக்குச் சேனாபோடாவே சான்று: ரவை தாங்கிப் பிடிக்கும். 2 முட்டைக்குப் பதில் ரவையை 5 மேசைக்கரண்டியாக்கி, ஒரு மேசைக்கரண்டி சோளமாவும் மூன்று கரண்டி கெட்டித் தயிரும் சேர்த்து, ஊறும் நேரத்தை அரை மணியாக்குங்கள். துண்டு சற்று மிருதுவாக இருக்கும். ஃப்ரிட்ஜில் ஓரிரவு வைத்த பிறகுதான் வெட்ட வேண்டும்.

ஆளுக்கொரு கிண்ணம் வேண்டுமானால், அதே மாவை வெண்ணெய் தடவிய சிறு பீங்கான் கிண்ணங்களில் முக்கால் அளவு நிரப்பி 20 முதல் 25 நிமிடம் சுடலாம். வெட்டுகிற வேலை இல்லை, ஆளுக்கு ஏற்றபடி பழத்தை மாற்றலாம், சீக்கிரம் ஆறும். வீட்டில் வேளைக்கு ஒருவராகச் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் இந்த முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிளின் நடுவைக் குடைந்து, அதில் இந்த மாவை அடைத்துச் சுடுவதும் ரஷ்ய வீட்டுப் பழக்கம்தான். முழு ஆப்பிள் வைத்திருக்க வைத்திருக்க நீர் விடும் என்பதால் அதை மறுநாள் காலைக்கு மேல் வைக்காதீர்கள்.

ஆறவைத்தல், எடுத்துவைத்தல், காலை

ஓவனிலிருந்து எடுத்ததும் தட்டைக் கம்பி வலையின் மேல் வையுங்கள், அடியிலும் காற்றோட்டம் வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி மேலே படிந்து, இவ்வளவு பாடுபட்டு வெளியேற்றிய நீர் திரும்பவும் பண்டத்தின் மேலேயே சொட்டும். அதற்காக இரவு முழுவதும் மேடையிலேயே விட்டுவிடவும் கூடாது. முட்டையும் பாலும் சேர்ந்த உணவு இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போயாக வேண்டும்; அடுப்படி 32 டிகிரியைத் தாண்டும் கோடையில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. சூடு தணிந்ததும் திறந்தபடியே ஃப்ரிட்ஜில் வைத்து, முழுக்கக் குளிர்ந்த பிறகு மூடுங்கள். மூடிக்கு அடியில் ஒரு தாள் துண்டை விரித்தால் மிச்ச ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். வாசனையுள்ள சாம்பார், மீன் குழம்பு பக்கத்தில் இருந்தால் மூடி இறுக்கமாக இருக்கட்டும். பால் பண்டம் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.

ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் இருந்தால் மூன்று நாள், அதிகம் போனால் நான்கு. வெள்ளி இரவு உறை ஊற்றி, சனிக்கிழமை வடித்து, ஞாயிறு மாலை சுட்டால் திங்கள், செவ்வாய், புதன் காலைகள் முடிந்துவிடும். 2 லிட்டர் பாலில் 60 கிராமுக்கும் மேல் புரதம் இருக்கிறது, அதில் பெரும்பகுதி கட்டியில் தங்கிவிடும். 2 முட்டையின் 12 கிராமையும் சேர்த்தால், ஆறு துண்டில் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 கிராம். பதினோரு மணிக்குப் பசி எடுக்காது.

காலையில் குளிர்ந்தபடியே சாப்பிடலாம், பலருக்கு அதுவே பிடிக்கும். எனக்குத் தோசைக்கல் முறைதான் உசத்தி. கல்லில் துளி வெண்ணெய் விட்டு, துண்டை வைத்து, மூடி போட்டுச் சிறுதீயில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் வைத்தால், மேலே மொறுமொறுப்பு, உள்ளே இளஞ்சூடு. மைக்ரோவேவில் வைப்பதானால் பாதித் திறனில் ஒரு நிமிடம். முழுத் திறனில் வைத்தால் ஓரம் இறுகும். ரஷ்ய வீடுகளில் மேலே ஊற்றிக்கொள்வது ஸ்மெத்தானா என்ற புளித்த பாலேடு. வடித்த கெட்டித் தயிரில் நாட்டுச்சர்க்கரையோ தேனோ கலந்தால் அந்த இடத்தை நிரப்பிவிடும். பள்ளி டிபன் டப்பாவில் மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள். மதியம்வரை நம் வெயிலில் தாங்கக்கூடிய உணவு இல்லை இது.

இரண்டு மடங்காகச் சுட்டவர்கள் பாதியை ஃப்ரீசரில் வைக்கலாம். வாழைப்பழமோ உலர்திராட்சையோ சேர்த்தது உறைபதத்தை நன்றாகத் தாங்கும். ஆப்பிள், பேரி சேர்த்தது உருகும்போது கொஞ்சம் நீர் விடும். துண்டுகளைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவிட்டு, பிறகு தாளில் சுற்றிப் பையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. வேண்டிய துண்டுகளை முந்தைய இரவு ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றி, வடிகட்டி வலையின் மேல் வைத்து உருகவிடுங்கள். வெளியில் வைத்து உருகவிட வேண்டாம். காலையில் தோசைக்கல்லில் மூடி போடாமல் சூடாக்கினால், உருகியபோது விட்ட ஈரமும் ஆவியாகிவிடும்.